குடி நீங்கிய கொடை

2011ஆம் ஆண்டு யூன் மாதம் முதலாந் திகதி ஒராக்கிள் என்னும் அமெரிக்கக் கொம்பனி ஒரு கொடையை அறிவித்தது. கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் படவிளக்கம் தயாரிக்கவும் உலகெங்கும் கோடிக்கணக்கானோர் பயன்படுத்திவந்த ஓப்பன் ஒபிஸ் என்னும் மென்பொருளின் மூலநிரலையும் அதன் பெயரையும் அப்பாச்சி மென்பொருள் தாபனத்துக்கு அது கையளித்தது. பெற்றுக்கொண்ட தாபனம் இலாபங் கருதாதது. அமெரிக்கச் சட்டப்படி அறப்பணி நிலையமாகப் பதிவுபெற்றது. உடையவன் கொடுத்தான், தக்கவன் பெற்றான், பொதுமக்கள் பயனடைவர் என்று இவ்விடயத்தை ஒரே வாக்கியத்தில் முடித்துவிடலாம். ஆயினும் அம்மென்பொருளை ஆக்குவதிற் பல்லாண்டு உழைத்தோருட் பலர் இச்செய்தி கேட்டு மகிழ்ந்தாரல்லர். தமக்கு இழைக்கப்பட்ட தீங்காகவே அதனைக் கொண்டனர். கொடை ஒன்று தீங்காவது எங்ஙனம்?

இது கணினி வல்லுநர் பேசவேண்டிய விடயமன்றோ, இலக்கியச் சஞ்சிகையில் இதற்கென்ன வேலை என்று வாசகர் கேட்கக்கூடும். நாமும் கணினி வல்லுநர் அல்லோம். தமிழ் கற்பித்து வாழ்வோர். ஆயினும் பாடசாலை வினாத்தாள் முதல் சனசமூக நிலையத்தின் ஆண்டறிக்கை வரை இன்று கணினியிலேயே எழுதப்படுகின்றது. அதற்கு உதவும் மென்பொருளை விலைகொடுத்து வாங்க இயலாதோருக்கு விலையின்றிக் கிடைக்கும் மென்பொருள் சிறிய உதவியன்று. அதன் கட்டளைகளைத் தமிழிலே பெயர்த்துத் தந்தவர்களும் பெரும்பாலும் ஊதியம் பெறாத தொண்டர்களே. பலர் கூடி உழைத்து ஆக்கிய பொதுப்பொருள் ஒன்றை எடுத்துக் கொடுக்கும் உரிமை யாருக்குண்டு என்பது தொழினுட்ப வினாவன்று. அஃது அறவியல் வினா. அவ்வகையிலேயே அதனை ஈண்டு ஆராய விழைகின்றோம்.

மென்பொருள் என்பது கணினிக்காக மனிதர் எழுதும் கட்டளைகளின் தொகுதி. மனிதர் படித்தறியக்கூடிய வடிவில் உள்ள அக்கட்டளைகளே மூலநிரல் எனப்படும். வணிகக் கொம்பனிகள் பொதுவாக இதனைப் பூட்டிவைக்கும்; பாவனையாளர் பெறுவது கணினி மட்டுமே அறியும் வடிவத்தை. திறந்த மூல மென்பொருளிலோ எவரும் மூலநிரலைப் படிக்கலாம், திருத்தலாம், படியெடுத்துப் பிறருக்கு வழங்கலாம். இத்தகைய மென்பொருளை ஆக்குவோருட் சிலர் கொம்பனிகளிற் சம்பளம் பெறுவோர்; சிலர் பகலில் வேறு தொழில் செய்து இரவில் இதனைச் செய்வோர். தொடக்கத்தில் ஒருவரோ இருவரோ தம் விருப்பத்தாற் செய்த வேலை வளர்ந்து பெருகும்போது, அதற்கு ஒரு பெயர்ப்பதிவு வேண்டும். பணம் வந்தால் வைக்க ஒரு கணக்கு வேண்டும். நாளை ஒரு கொம்பனி வழக்குத் தொடுத்தால் நீதிமன்றிற் பதில்கூற ஒரு சட்ட ஆள் வேண்டும். இவற்றுக்காகவே தனித்து நிற்கும் வேலைத்திட்டங்கள் பெருந் தாபனங்களின் நிழலைத் தேடுகின்றன.

அப்பாச்சித் தாபனத்தின் தோற்றமே இதற்குத் தக்க சான்று. இலினோய் பல்கலைக்கழகத்தின் கணினி மையமொன்றில், இணையப் பக்கங்களை வழங்கும் சேவையக மென்பொருள் ஒன்று எழுதப்பட்டிருந்தது. அதனை எழுதியவர் 1994இல் அவ்விடத்தை விட்டு நீங்கவே, அது பேணுவாரற்றுக் கிடந்தது. வெவ்வேறு இடங்களிலிருந்து அதனைப் பயன்படுத்தியோர் தத்தமக்கு வேண்டிய திருத்தங்களைத் தாமே செய்துகொண்டனர். 1995ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர்களுள் எண்மர் கடித வழியாகக் கூடித் தம் திருத்தங்களை ஒன்றுசேர்த்தனர். அடுத்த ஆண்டிலேயே அவர்களது சேவையகம் உலகில் மிகப் பரவலாகப் பயன்படுவதாயிற்று. அவர்களுக்குக் காரியாலயம் இல்லை, தலைவர் இல்லை, சட்டத்தின் கண்ணில் அவர்கள் இல்லாதவரே. 1998இல் ஐ.பி.எம். கொம்பனி தன் வணிகப் பொருளொன்றில் இம்மென்பொருளைச் சேர்க்க விரும்பியபோது, யாருடன் ஒப்பந்தம் செய்வது என்பதே சிக்கலாயிற்று. 1999ஆம் ஆண்டு தாபனம் பதிவுசெய்யப்பட்டது. இங்கு உழைத்தோரே கூடித் தமக்கு ஒரு கூரையை அமைத்துக்கொண்டனர். கொடுத்தோரும் பெற்றோரும் ஒருவரே. ஆதலின் எவ்வித அறச்சிக்கலும் எழவில்லை.

ஓப்பன் ஒபிஸின் கதை வேறு. 1985ஆம் ஆண்டு யேர்மனியின் லூனபேர்க் நகரில், மார்க்கோ போறிஸ் என்னும் பள்ளி மாணவர் தொடங்கிய சிறு கொம்பனியில் அது கருக்கொண்டது. 1999இல் அமெரிக்காவின் சன் மைக்றோசிஸ்டம்ஸ் அக்கொம்பனியை விலைக்கு வாங்கிற்று. தன் ஊழியர் பல்லாயிரவர்க்கும் மைக்றோசொவ்ற் மென்பொருளை வாங்குவதிலும் வேறொரு மென்பொருட் கொம்பனியையே வாங்கிவிடுதல் மலிவு என்று சன் கணக்கிட்டதாக அங்குப் பணியாற்றியோரே பின்னர்க் கூறினர். முதலாளித்துவக் கணக்கு சிற்சில வேளைகளில் வேடிக்கையாகவும் அமைவதுண்டு. எவ்வாறாயினும் 2000ஆம் ஆண்டு ஒக்டோபரில் அம்மென்பொருளின் மூலநிரல் உலகுக்குத் திறந்துவிடப்பட்டது.

திறந்தபோதும் சாவி சன்னின் மடியிலேயே இருந்தது. வெளியார் ஒருவர் தம் நிரலை அதிற் சேர்க்க விரும்பினால், அந்நிரலின் பதிப்புரிமையைச் சன்னோடு பகிர்ந்துகொள்வதாக ஒப்பமிட வேண்டும். அதனால் முழு மென்பொருளையும் எந்த நிபந்தனையின் கீழ் வெளியிடுவது, எந்த நிபந்தனையை நாளை மாற்றுவது என்னும் அதிகாரம் ஒரே கையிற் குவிந்தது. பலர் மனவிருப்பின்றியே ஒப்பமிட்டனர். சிலர் ஒப்பமிடாது வெளியே நின்று தம் திருத்தங்களைத் தனித் தொகுப்பாக வழங்கினர். ஒன்றை மறைத்தல் நேர்மையாகாது: எழுதப்பட்ட நிரலிற் பெரும்பகுதி சன்னின் ஹம்பேர்க் நகரக் காரியாலயத்திற் சம்பளம் பெற்ற ஊழியரால் எழுதப்பட்டது. தொண்டர்களே அனைத்தையும் செய்தனர் என்பது கற்பனை.

2010 சனவரியில் ஒராக்கிள் சன்னை முழுமையாக வாங்கிக்கொண்டது. கட்டடங்களோடும் காப்புரிமைகளோடும் ஓப்பன் ஒபிஸும் அதன் கைக்குச் சென்றது. புதிய உடைமையாளர் இத்திட்டத்தை எவ்வாறு நடத்துவர் என்னும் அச்சம் உழைத்தோரிடையே வளர்ந்தது. அவ்வாண்டு செப்டெம்பர் 28ஆந் திகதி அவர்களிற் பலர் கூடி 'டொக்கியூமென்ற் பவுண்டேசன்' என்னும் சுதந்திர அமைப்பொன்றைப் பிரகடனஞ் செய்தனர். அவ்வமைப்பிற் சேருமாறும் ஓப்பன் ஒபிஸ் என்னும் பெயரை அதற்கு வழங்குமாறும் ஒராக்கிளையும் அழைத்தனர். பெயர் கிடைக்கும்வரை தற்காலிகமாகத் தம் மென்பொருளுக்கு லிப்ரே ஒபிஸ் என்று பெயரிட்டனர். பெயர் கிடைக்கவில்லை. அதற்கு மாறாக, புதிய அமைப்பைச் சார்ந்தோர் ஓப்பன் ஒபிஸின் சமூகப் பேரவையிலிருந்து விலகவேண்டும் என்பதே ஒராக்கிளின் மறுமொழியாயிற்று. தற்காலிகப் பெயர் நிரந்தரமாயிற்று.

யேர்மன் சட்டப்படி அறநிலையம் ஒன்றை நிறுவ முதலாக ஒரு தொகை வேண்டும். 2011 பெப்ரவரியில் அவர்கள் பொதுமக்களிடம் 50,000 யூரோ கேட்டனர். எட்டே நாள்களில் அத்தொகை சிறு சிறு நன்கொடைகளாகச் சேர்ந்தது. 2012 பெப்ரவரியிற் பேர்லினில் அந்நிலையம் சட்டவுருப் பெற்றது. ஓப்பன் ஒபிஸில் உழைத்த தொண்டரிற் பெரும்பாலோர் எங்கே சென்றனர் என்பதற்கு இதனினும் தெளிவான விடை வேண்டுவதின்று.

இந்நிலையிலேதான் ஒராக்கிளின் கொடை நிகழ்ந்தது. பெயரைக் கேட்டு நின்றவர்களுக்கு அது கொடுக்கப்படவில்லை. கேளாத வேறொரு தாபனத்துக்குக் கொடுக்கப்பட்டது. காரணம் யாதாயிருக்கலாம்? ஒராக்கிளின் உள்ளத்தை நாம் அறியோம். அறியக்கூடியது உரிம நிபந்தனைகளில் உள்ள வேறுபாடு. அதுவரை ஓப்பன் ஒபிஸ் வழங்கப்பட்ட உரிமத்தின்படி, ஒருவர் அதனைத் திருத்திப் பிறருக்கு வழங்கினால் தம் திருத்தத்தின் மூலநிரலையும் அதே நிபந்தனையில் வழங்கவேண்டும். பொதுவிலிருந்து எடுத்தவன் பொதுவுக்குத் திருப்பவேண்டும் என்பது அதன் உட்கிடை. அப்பாச்சி உரிமம் அவ்வாறு கட்டுப்படுத்துவதில்லை. எடுத்துத் திருத்திப் பூட்டிவைத்து விற்கவும் அதில் இடமுண்டு. ஐ.பி.எம். கொம்பனி ஓப்பன் ஒபிஸின் முன்னைய நிரலை அடியாகக் கொண்டு 2007இல் லோட்டஸ் சிம்பொனி என்னும் மென்பொருளை வெளியிட்டிருந்தது. விலையின்றிக் கொடுத்தபோதும் மூலநிரலைப் பூட்டியே வைத்திருந்தது. அத்தகைய கொம்பனிக்கு எந்த உரிமம் உவப்பானது என்பதை ஊகித்தல் அரிதன்று. கொடை அறிவிக்கப்பட்ட அன்றே ஐ.பி.எம். அதனை வரவேற்றது. எனினும் அக்கொம்பனி பின்னர் 2012இல் சிம்பொனியின் மூலநிரலையும் அப்பாச்சிக்கே வழங்கியது என்பதையும் சொல்லவேண்டும். பூட்டியதைத் திறந்தமைக்கு உரிய மதிப்பைக் கொடுக்கத்தான் வேண்டும்.

பதிப்புரிமை முழுவதும் ஒரே கையிற் குவிந்திருந்தமையாலேயே ஒராக்கிளால் உரிமத்தை மாற்ற முடிந்தது. திருப்பித் தரவேண்டும் என்னும் நிபந்தனையை நம்பி உழைப்பை அளித்தவன், அந்நிபந்தனை நீங்கிய வடிவில் தன் உழைப்பைப் பிறிதொருவர் கையிற் காண்கின்றான். அவனிடம் எவரும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய சட்டக்கடப்பாடும் இருக்கவில்லை.

சோழர் காலக் கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் படித்தோர் ஒரு சொற்றொடரை அறிவர். கோயிலுக்கு நிலம் கொடுக்கும்போது, அந்நிலத்தில் ஏற்கெனவே பயிரிட்டு வாழ்வோரின் உரிமை நீக்கப்படாது கொடுக்கப்பட்டால் அது 'குடிநீங்காத் தேவதானம்' எனப்படும். பழைய குடிகளின் உரிமையை நீக்கிக் கொடுக்கும் வழக்கும் இருந்தது. அது 'குடிநீக்கி'க் கொடுத்தலாகும். நிலவுடைமைச் சமுதாயத்தின் கொடைமுறையை நாம் போற்ற வரவில்லை. கோயிலின் பெயரால் உழவன் உறிஞ்சப்பட்ட வரலாறும் அக்கற்களிலேயே உண்டு. ஆயினும் ஒன்று மனங்கொள்ளத்தக்கது. அக்காலத்து ஆவணம் எழுதியவனுக்கு, நிலம் வேறு, நிலத்தோடு ஒட்டி வாழும் குடி வேறு என்பது தெரிந்திருந்தது. கொடையின்போது அக்குடிக்கு என்ன நேரும் என்பதை ஆவணத்தில் ஒரு சொல்லாலேனும் குறிக்கவேண்டிய கடமையும் அவனுக்கிருந்தது. மென்பொருட் கொடை ஆவணங்களில் அச்சொல்லைத் தேடினோம், காணவில்லை. பதிப்புரிமை உண்டு, வர்த்தகக் குறி உண்டு, இணைய முகவரி உண்டு. குடி இல்லை.

நிலத்துக்கும் மென்பொருளுக்கும் உள்ள வேறுபாட்டையும் நினைவிற்கொள்ளல் வேண்டும். உழவன் நீங்கினும் நிலம் கிடக்கும். அடுத்த மாரியில் வேறொருவன் உழலாம். கோடிக்கணக்கான வரிகளைக் கொண்ட மென்பொருளோ தன்னை ஆக்கியோரின் நினைவிலே பாதி வாழ்கின்றது. எந்த வரி எதற்காக எழுதப்பட்டது, எதனைத் தொட்டால் எது சிதையும் என்பதை ஆவணங்கள் முழுவதும் சொல்வதில்லை. பழகிய கைகள் விலகியபின் எஞ்சுவது பெரும்பாலும் எழுத்தே. அப்பாச்சித் தாபனத்தாரும் இதனை அறியாதவரல்லர். நிரலிலும் சமூகமே பெரிது என்பது அவர்கள் தம் கொள்கையாக உரைத்துவருவது. புதிய திட்டங்களை உடனே ஏற்காது 'அடைகாப்பகம்' என்னும் முன்னிலையில் வைத்துப் பார்க்கும் முறையை 2002 முதல் அவர்கள் கைக்கொள்வதும் அதனாற்றான். அக்கொள்கையுடையோர் குடி நீங்கிய நிலமொன்றை ஏற்றனர் என்பதே எம் உள்ளத்தை உறுத்துகின்றது. கதவு திறந்தேயுள்ளது, லிப்ரே ஒபிஸ் உழைப்பாளர் எவரும் தனியாளாக வந்து சேரலாம் என்று அவர்கள் கூறியது உண்மை. வருவோர் தமக்கு ஒவ்வாத உரிமத்தை ஏற்றுக்கொண்டே வரவேண்டும் என்பதும் உண்மை.

இனி, இக்கொடையை நியாயப்படுத்துவோர் கூறுவதைக் கேட்போம். அவர்களது வாதம் வலுவற்றதன்று. உழைத்தோர் ஒப்பமிட்டனர். வற்புறுத்தல் இல்லை. ஒப்பமிட்ட தாளில், உரிமத்தை மாற்றும் அதிகாரம் சன்னுக்கு உண்டு என்பது தெளிவாக இருந்தது. சன்னின் சொத்தை வாங்கியவர்க்கு அவ்வதிகாரமும் உரியது. மேலும், பழைய உரிமத்தில் வெளிவந்த பிரதிகள் எவரிடமிருந்தும் பறிக்கப்படவில்லை. லிப்ரே ஒபிஸ் அவற்றைக்கொண்டே வளர்ந்தது. அவ்வாறாயின் தீங்கு எங்கே?

ஒப்பத்தின் சட்டவலுவை நாம் மறுக்கவில்லை. ஆயின் ஒப்பம் இடப்பட்டது ஒரு குறித்த உறவினுள்ளே. அன்று எதிரே இருந்த கொம்பனியின் நடத்தையைப் பார்த்து, அதன் வாக்கை நம்பி, அவர்கள் எழுதிக்கொடுத்தனர். தாள் கைமாறும், நம்பிக்கை அவ்வாறு கைமாறுவதில்லை. ஆங்கிலத் தத்துவவாதியான யோன் லொக், ஒருவன் இயற்கைப் பொருளோடு தன் உழைப்பைக் கலப்பதாலேயே அது அவன் உடைமையாகின்றது என்று பதினேழாம் நூற்றாண்டில் வாதித்தான். அவ்வாதத்தைக் கூட்டுழைப்பிற்குப் பொருத்தினால் உடனே தடுமாறுகின்றது. ஐந்நூறு பேர் எழுதிய நிரலில் எவனுடைய உழைப்பு எவ்வளவு என்று பிரித்தளக்க இயலாது. அளக்க இயலாமையால் அனைத்தும் தாள் வைத்திருப்பவனுக்கே உரியது என்பது சட்டம் கண்ட இலகுவான வழி. வழி இலகுவாயிருத்தல் அது நேரியது என்பதற்குச் சான்றாகாது.

கூலிபெற்று எழுதிய ஹம்பேர்க் ஊழியரின் நிலை இதனினும் கடினமானது. தொண்டனுக்குத் தன் உழைப்பின்மேல் உள்ள தார்மிக உரிமையை ஒப்புவோர் கூட, ஊழியனின் உழைப்பு விலைகொடுத்து வாங்கப்பட்டதன்றோ என்பர். வாங்கப்பட்டது அவனது வேலைநேரம். பத்தாண்டுக்கு மேலாக ஒரு பொருளோடு பழகிப் பெற்ற அறிவும், அதன்மேல் அவன் கொண்ட பற்றும் சம்பளப் பட்டியலில் இருந்தவையல்ல. 2011இல் ஒராக்கிள் அவ்வேலையைக் கைவிட்டபோது அவ்வூழியரின் அணி கலைந்தது. சிலரை ஐ.பி.எம். எடுத்துக்கொண்டது, சிலர் லிப்ரே ஒபிஸுக்கு உழைக்கும் கொம்பனிகளிற் சேர்ந்தனர். நேற்றுவரை ஒரே அறையில் ஒரே நிரலை எழுதியோர், மறுநாள் இருவேறு முகாம்களிலிருந்து ஒன்றுக்கொன்று போட்டியான இரு பிரதிகளை எழுதினர். இவ்விழப்பைக் கொடை அறிவித்தல் எதுவும் கணக்கில் எடுத்ததாக நாம் காணவில்லை. தொண்டர் கதையையே பலரும் பேசுகின்றனர்; இவர்களைப் பேசுவார் குறைவு.

இதே ஒராக்கிளின் கையில், அதே காலத்தில், வேறொரு திட்டமும் இவ்வழியே சென்றது. மென்பொருள் ஆக்குவோர் தம் நிரலைத் தானாகவே தொகுத்துச் சோதிக்கப் பயன்படுத்திய ஹட்சன் என்பது அது. சன்னின் ஊழியராக இருந்த கொசுகே கவாகுச்சி அதனைத் தொடங்கியவர். அப்பெயர் தனக்கே உரியது என்று ஒராக்கிள் கூறவே, 2011 சனவரியில் உழைத்தோர் வாக்கெடுத்தனர். 214 பேர் பெயரை மாற்றிப் பிரிந்து செல்ல ஆதரவளித்தனர்; 14 பேர் எதிர்த்தனர். பிரிந்தது யென்கின்ஸ் என்னும் பெயர் பெற்றது. ஹட்சனை ஒராக்கிள் அவ்வாண்டே எக்லிப்ஸ் தாபனத்துக்குக் கொடுக்க முன்வந்தது; அங்கும் புகழ்பெற்ற தாபனம், அங்கும் முறையான ஆவணம். சில ஆண்டுகளில் ஹட்சன் வழக்கொழிந்தது. யென்கின்ஸ் இன்றும் வாழ்கின்றது. 2019இல் அதுவும் ஒரு பெருந் தாபனத்தின் கீழ்ச் சென்றது. அதனை ஆக்குவோர் தாமே விவாதித்துச் சென்றனர் என்பதே வேறுபாடு.

குடி திரும்பிவந்த வரலாறும் உண்டு. நோட் என்னும் மென்பொருள் யோயன்ற் என்னும் ஒரு கொம்பனியின் மேற்பார்வையில் இருந்தது. முடிவுகள் தாமதமாகின்றன, எம் சொல்லுக்கு இடமில்லை என்று முதன்மை உழைப்பாளர் பலர் 2014 டிசெம்பரில் ஐஓ என்னும் பெயரிற் கிளைபிரிந்தனர். கொம்பனி அவர்களை விலக்கிவிட்டுப் பெயரை மட்டும் வேறெவருக்கும் கொடுத்திருக்கலாம். அவ்வாறு செய்யாது, சுதந்திரத் தாபனமொன்று அமைய இணங்கிற்று. அதன் தொழினுட்ப முடிவுகள் உழைப்போர் குழுவின் கையில் இருக்கும் என்பது ஒழுங்காயிற்று. 2015ஆம் ஆண்டிலேயே இருகிளையும் ஒன்றாயின. தாபனம் என்பது உழைத்தோர் திரும்பிவரத் தக்க வீடாக அமையலாம் என்பதற்கு இதனைக் காட்டலாம். அவர்கள் வெறுத்தது தாபனத்தையன்று, தம்மைக் கேளாமையை.

தாபனம் என்னும் சொல்லும் ஒரே பொருளைக் குறிப்பதன்று என்பதை இவ்விடத்திற் சுருக்கமாகக் கூறவேண்டும். அப்பாச்சி, சட்டப்படி அறப்பணி நிலையம். அதன் உறுப்பினர் தனி மனிதர், கொம்பனிகளல்ல. லினக்ஸ் தாபனம் என்று பெயர் கொண்டதோ அமெரிக்க வரிச்சட்டத்தில் வணிகச் சங்க வகையைச் சேர்ந்தது. அங்கு உறுப்பினராவன பெரும்பாலும் கொம்பனிகளே. உயர்வகை உறுப்புரிமைக்கு ஆண்டொன்றுக்கு 500,000 டொலர் சந்தா. அதனாற் பயன் விளையவில்லை என்று நாம் கூறவில்லை. பணம் பல திட்டங்களைத் தாங்குகின்றது. ஆயின் இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்து, இரண்டிலும் ஒரே அறவொளியைக் காண்பது பாமரத்தனம்.

எமது நாட்டுக்கும் இதில் ஒரு சிறு பங்குண்டு. 2004 டிசெம்பர் 26ஆந் திகதி கடல்கோள் கரையோரத்தை அழித்தபோது, காணாமற்போனோரைத் தேடவும் நிவாரண முகாம்களை ஒழுங்கு செய்யவும் கொழும்பிலே தொண்டர்கள் சில நாள்களில் எழுதிய மென்பொருள் சகானா. சிங்களத்தில் அச்சொல் நிவாரணத்தைக் குறிக்கும். 2005இற் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010இல் ஹெயிற்றியிலும் அது பயன்பட்டது. இலங்கையிலிருந்த லங்கா மென்பொருள் தாபனம் அதனைப் பேணிவந்தது. 2009இல் சகானாவுக்கெனத் தனித் தாபனமொன்று அமைந்தது. அதன் பதிவு அமெரிக்காவிலே செய்யப்பட்டது. எம் கரையிற் பிணங்களுக்கிடையே பிறந்த ஒன்றின் தாள் கலிபோர்னியாவில் இருக்கவேண்டுமா என்று கேட்கத் தோன்றுகின்றது. ஆயினும் அதன் உழைப்போர் அதற்குள் பல நாட்டினராகியிருந்தனர்; தாபனத்தை அமைத்தோரும் அவர்களே. தாள் எங்கே உள்ளது என்பதிலும் யாரைக் கேட்டு அங்குச் சென்றது என்பதே பெரிய வினா. அவ்வகையிற் சகானாவைப் பற்றி எமக்கு மனக்குறை இல்லை, சிறு வருத்தம் மட்டும் உண்டு.

ஓப்பன் ஒபிஸுக்குத் திரும்புவோம். கொடுத்தவர், பெற்றவர், உழைத்தவர் ஆகிய மூவரையே இதுவரை பேசினோம். நாலாமவரும் ஒருவர் உளர், அவர் பாவனையாளர். அப்பாச்சியின் கீழ் அம்மென்பொருள் 2012 ஒக்டோபரில் அடைகாப்பகத்தை விட்டு முழுத்திட்டமாயிற்று. 2014 ஏப்பிரலளவில் அதன் பதிவிறக்கம் 10 கோடியைத் தாண்டியது. அப்பெரும் எண்ணிக்கை பழைய பெயரின் வலிமையாற் பெரிதும் வந்தது என்பதே எம் கருத்து. இத்தனை கோடிப் பேரும் உரிமப் பிணக்கை அறிந்து தேர்ந்தவர் அல்லர். அறிந்த பெயரைத் தேடிச் சென்றவர்கள். அவ்வாண்டு வெளிவந்த 4.1ஆம் பதிப்புக்குப் பின் சிறு திருத்தங்களே வந்துள்ளன. 2016 யூலையில், தீய நோக்குடன் ஆக்கப்பட்ட ஆவணத்தின் வழியாகக் கணினியைத் தாக்க இடந்தரும் குறையொன்று பகிரங்கமாக்கப்பட்டது. அதனைச் சீர்செய்த முழுப்பதிப்பு ஒக்டோபரிலேயே வெளிவந்தது. அதற்கு முன் செப்டெம்பரில், போதிய கைகள் இல்லாமையால் திட்டத்தை மூடவேண்டி நேரலாம் என்று அதன் தலைவரே தம் சகபாடிகளுக்கு எழுதினார்.

உழைத்தோருக்கு நேர்ந்த அவமதிப்பை அவர்களது உணர்ச்சி விவகாரம் என்று ஒதுக்குவோரும் இங்குச் சற்று நிற்கவேண்டும். குடி நீங்கிய நிலத்தின் விளைவை உண்பவன் இப்பாவனையாளனே. எங்கோ ஒரு கிராமத்து நூலகத்தின் பழங் கணினியில், பெயரை நம்பி இம்மென்பொருளைப் பதித்தவனுக்கு, அதனை ஆக்கியோர் வேறு பெயரில் வேறிடத்தில் உழைக்கின்றனர் என்பதை யார் சொல்வது? சொல்லும் கடமை பெயரை வைத்திருப்பவருக்கே உரியது என்பது எம் துணிபு. பெயர் என்பது மற்றச் சொத்துகளைப் போன்றதன்று. அதனுள் இருப்பது பல்லாண்டாகப் பலர் செய்த வேலையின் மீது மக்கள் கொண்ட நம்பிக்கை. வேலை இடம்பெயர்ந்தபின் பெயரை மட்டும் வைத்திருப்பவர் மக்களின் நம்பிக்கையை அறங்காவலராக வைத்திருக்கின்றார், உடைமையாளராகவன்று.

2020ஆம் ஆண்டு ஒக்டோபர் 12ஆந் திகதி, ஓப்பன் ஒபிஸின் இருபதாண்டு நிறைவையொட்டி, லிப்ரே ஒபிஸ் அமைப்பினர் அப்பாச்சியின் திட்டத்தாருக்குப் பகிரங்கக் கடிதமொன்றை எழுதினர். திட்டத்தை மூடுமாறோ பெயரைத் தருமாறோ அதிற் கேட்கவில்லை. வேறொரு மென்பொருளும் உண்டு, அதில் வேலை தொடர்ந்து நடைபெறுகின்றது என்பதை உம்மிடம் வருவோருக்குத் தெரிவியுங்கள் என்பதே அக்கடிதத்தின் வேண்டுகோள். அப்பாச்சியின் விதிப்படி ஒரு பதிப்பை வெளியிடப் பொறுப்பாளர் மூவரேனும் இசைவு தரவேண்டும். அவ்வளவு பேர் இருக்கும்வரை திட்டம் உயிரோடிருப்பதாகவே கொள்ளப்படும். அக்கடிதத்துக்குப் பின்னரும் அப்பெயரில் திருத்தப் பதிப்புகள் இடையிடையே வந்தன. அப்பெயரைத் தேடி வருவோரும் வந்துகொண்டேயிருந்தனர்.